டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

சாவியைத் திருப்பியதும், சக்கரம் பிடிமானமின்றிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அமைப்பின் விளக்கு, அதாவது வழுக்கிச் செல்லும் கார் படம் கொண்ட மஞ்சள் விளக்கு, சில நொடிகள் எரிந்து அணைவது வழக்கமான சுயபரிசோதனைதான்.

மழையில் நனைந்த சாலையிலோ மணல் படிந்த திருப்பத்திலோ அது விட்டுவிட்டு மின்னினால், சக்கரம் பிடிமானமின்றிச் சுழல்வதை உணர்ந்து, இன்ஜின் விசையைக் குறைத்தும் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்தும் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள், சடாரென்று பிரேக் மிதிக்காதீர்கள்.

விளக்கு அணையாமல் எரிந்தால், முதலில் இந்த அமைப்பை அணைக்கும் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து மீண்டும் இயக்குங்கள். ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், இரு அமைப்புகளுக்கும் பொதுவான சக்கர வேக சென்சாரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் சேறு அப்பிக்கொள்வதும் ஒயர் அறுந்துபோவதும் உண்டு. மெக்கானிக்கிடம் ஸ்கேனர் வைத்துப் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் உதிரிபாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள். அதுவரை வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், வண்டியை ஓட்டவே கூடாது.

சேற்றில் சிக்கிய காரை வெளியேற்ற இந்த அமைப்பைத் தற்காலிகமாக அணைப்பது உதவக்கூடும்; கெட்டியான தரைக்கு வந்ததும் மறவாமல் மீண்டும் இயக்கிவிடுங்கள்.