பற்று எது, வரவு எது? கடைக் கணக்கு எழுதத் தொடங்குபவருக்கு

காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் என் கணக்கு என்றால் ஒரு பாக்கி நோட்டும் கல்லாப்பெட்டியும்தான். மூன்றாம் வருடம் ஆடிட்டர் லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ், டிராயிங்ஸ் என்று அடுக்க, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். சொற்கள் எல்லாம் தமிழில்தான் இருந்தன, ஆனாலும் ஒரு மாதம் திணறினேன். என்னைத் திணறவைத்தது ஒரே ஒரு இடம். அதை இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

படி 1: பாக்கி நோட்டைத் திறங்கள்

மெஸ் நடத்தும் அக்கா பெயரில் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. 10 லிட்டர் எண்ணெய் எடுத்துப் போனார், 4,500 ரூபாய். இடப்பக்கம் பற்று என்று எழுதினேன். சனிக்கிழமை 3,000 கொடுத்தார். வலப்பக்கம் வரவு. பாக்கி 1,500. இதில் யாருக்கும் குழப்பம் வராது.

இந்தப் பக்கத்துக்குப் பெயர் கணக்கு. இப்படிப் பல பக்கங்கள் சேர்ந்த நோட்டு பேரேடு, அதாவது லெட்ஜர். அக்கா நமக்குக் கடனாளி. எனக்குக் கடனுக்குக் கொப்பரை தரும் மண்டிக்காரர் கடனீந்தோர். புத்தகச் சொல் பிடிக்கவில்லை என்றால் வரவேண்டியது, தரவேண்டியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டருக்குப் புரியும்.

படி 2: கல்லாவையும் ஓர் ஆளாக்குங்கள்

இங்கேதான் விழுந்தேன். அக்கா கொடுத்த 3,000 கல்லாவுக்குள் போகிறது. பணம் வந்தால் வரவுதானே? புத்தகம் சொல்கிறது: ரொக்கக் கணக்கில் அது பற்று. அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிழை என் பார்வையில். வீட்டு வரவு செலவில் வரவு என்றால் வருமானம். பேரேட்டில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆளின் பக்கம். அந்த ஆள் வாங்கிக்கொண்டது பற்று, அந்த ஆளிடமிருந்து வந்தது வரவு. அக்காவின் பக்கத்தில் இதைத்தானே செய்தோம்? கல்லாவையும் அக்கா மாதிரி எதிரே நிறுத்துங்கள். 3,000 ரூபாயை யார் வாங்கிக்கொண்டது? கல்லா. எனவே கல்லாவுக்குப் பற்று. யாரிடமிருந்து வந்தது? அக்காவிடமிருந்து. எனவே அக்காவுக்கு வரவு. ஒரே தொகை, இரண்டு பக்கம். இதுதான் இரட்டைப் பதிவு முறை.

இப்படியே எல்லாவற்றையும் ஆளாக்கலாம். கரண்ட் பில் 2,200 கட்டினால், மின்கட்டணம் என்ற ஆசாமி வாங்கிக்கொண்டு போனார், அவருக்குப் பற்று. கல்லா கொடுத்தது, அதற்கு வரவு. கடை தொடங்க நான் போட்ட 2 லட்சம்? கொடுத்தவன் நான், எனவே என் முதல் (கேப்பிட்டல்) கணக்கில் வரவு. கடை வேறு, நான் வேறு. என் பணத்தைக் கடை எனக்குத் தரவேண்டும். அதனால்தான் முதல் எப்போதும் பொறுப்புகள் (தரவேண்டியவை) பக்கம் உட்காருகிறது. புத்தகம் மூன்று விதி தருகிறது. எனக்கு முதல் விதியே போதுமானதாக இருந்தது: பெறுபவர் பற்று, தருபவர் வரவு.

படி 3: பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள்

மேலே சொன்னது புரிந்த பிறகும் மறுபடி சறுக்கினேன். கல்லாவிலிருந்து 27,000 எடுத்து வங்கியில் போட்டேன். பாஸ்புக்கில் வரவு என்று அச்சாகியிருந்தது. அவர்களே எழுதியிருக்கிறார்களே என்று என் வங்கிக் கணக்கிலும் வரவு வைத்துவிட்டேன். கல்லாவிலிருந்து போனதால் அங்கேயும் வரவு.

மாதக் கடைசியில் எல்லாப் பக்கத்தின் பாக்கிகளையும் பற்று, வரவு என்று இரண்டு வரிசையில் எழுதிக் கூட்டினேன். இதன் பெயர் இருப்பாய்வு, அதுதான் ட்ரயல் பேலன்ஸ். இரண்டு வரிசையும் சமமாக இருக்க வேண்டும். எனக்கு வரவு பக்கம் 54,000 அதிகம்.

வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்பது பழைய கணக்கப்பிள்ளைகளின் உபாயம் (63-ஐ 36 என்று எழுதுவது போல). 54,000 அழகாக வகுபட்டது. இரண்டு இரவு அப்படி ஒரு எண்ணைத் தேடினேன். இன்னொரு உபாயம் உண்டு: வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது தப்பான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி 27,000. நோட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. இப்போதெல்லாம் முதலில் பாதி, அப்புறம்தான் ஒன்பது.

பாஸ்புக் ஏன் அப்படிச் சொல்கிறது? அது வங்கியின் நோட்டு. அங்கே எதிரே நிற்கும் ஆள் நான். நான் கொடுத்தேன், எனக்கு வரவு. என் நோட்டில் எதிரே நிற்பது வங்கி. அது வாங்கிக்கொண்டது, அதற்குப் பற்று. இரண்டும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித்தான் இருக்கும். கொடுத்த காசோலை இன்னும் மாறாமல் கிடந்தால் இரண்டு பாக்கியும் ஒத்துப்போகாது. அதை விளக்கி எழுதும் தாளுக்குப் பெயர் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்.

படி 4: வருடக் கடைசிச் சொற்கள்

மார்ச் 31 அன்று சரக்கை எண்ணி எடை போடுங்கள். அது இறுதிச் சரக்கிருப்பு. மறுநாள் ஏப்ரல் 1-க்கு அதுவே தொடக்கச் சரக்கிருப்பு.

ஒரு கணக்கு பாருங்கள். தொடக்கச் சரக்கு 40,000. கொப்பரைக் கொள்முதல் 1,80,000. இறுதிச் சரக்கு 55,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 1,65,000. விற்பனை 2,30,000 என்றால் மொத்த லாபம் 65,000. அதில் கடை வாடகை, பையன் சம்பளம், போன் எல்லாம் சேர்த்து 41,000 போனால் நிகர லாபம் 24,000. (செக்கு ஆட்டும் கூலி மாதிரி நேரடிச் செலவுகளை மொத்த லாபத்துக்கு முன்பே கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டு சிக்கலாகும் என்று விட்டுவிட்டேன்.)

என் மனைவி உடனே கேட்டாள்: "அந்த 24,000 எங்கே?" கல்லாவில் இல்லை. 15,000 கூடுதல் சரக்காக மூட்டையில் இருந்தது, மிச்சம் பாக்கி நோட்டில் இருந்தது. லாபமும் கையிருப்பும் ஒன்றல்ல.

வீட்டுக்கு எடுத்துப் போகும் பணம் செலவு ஆகாது, எடுப்பு, அதாவது டிராயிங்ஸ். வீட்டுச் சமையலுக்கு எடுக்கும் எண்ணெயும் எடுப்புதான். இதை நான் எழுதாமல் விட்டதால்தான் ஒரு வருடம் எண்ணெய் ஆவியாகிவிட்டது போலக் கணக்கு காட்டியது.

செக்கு தேயும், மேசை தேயும். அந்த வருடத் தேய்வைச் செலவாக எழுதுவது தேய்மானம். வருமான வரிக் கணக்கில் மரச்சாமான்களுக்கு 10 சதவீதம், இயந்திரங்களுக்குப் பொதுவாக 15. வாங்கி அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அதில் பாதி.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், 2,100 ரூபாய்க்கு எண்ணெய் விற்றதில் விற்பனை 2,000 மட்டுமே. 5 சதவீத வரி 100 ரூபாய் அரசுக்குத் தரவேண்டியது, எனவே அது பொறுப்பு. கொள்முதலில் நாம் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்வதற்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு.

கடைசியில் இருப்பவை, வரவேண்டியவை எல்லாம் சொத்துகள் என்று ஒரு பக்கம். தரவேண்டியவையும் முதலும் மறுபக்கம். இதுதான் இருப்புநிலைக் குறிப்பு, பேலன்ஸ் ஷீட்.

எதில் எழுதுவது?

முதல் மூன்று மாதம் நீள நோட்டும் பேனாவும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. போனில் வரும் கணக்குச் செயலிகள் "வந்தது, போனது" என்று பச்சை சிவப்பில் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்தை மறைத்துவிடுகின்றன. நோட்டு பழகிய பிறகு டேலி என்ற கணினிக் கணக்கு மென்பொருளுக்குப் போங்கள். அங்கே விசைப்பலகையில் எஃப்5 கொடுப்பு, எஃப்6 பெறுகை, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். கல்லாவிலிருந்து வங்கிக்கு மாற்ற எஃப்4, எதிர்ப்பதிவு. என் 27,000-ஐ அதில் போட்டிருந்தால் இரண்டு இரவு தூங்கியிருப்பேன்.

பின்சேர்க்கை 1: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர், "இதைப் படித்து என் பிள்ளை பரீட்சையில் தலைகீழாக எழுதிவிட்டால்?" என்று கேட்டிருந்தார். நியாயமான பயம். இலங்கைப் பாடநூல்களில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நாங்கள் பற்று என்பதுதான் அங்கே வரவு! கணக்குக்குள் வருவது வரவு, வெளியே போவது செலவு என்று அங்கே பார்க்கிறார்கள். இருப்பாய்வு அங்கே பரீட்சை மீதி, இருப்புநிலைக் குறிப்பு ஐந்தொகை, தேய்மானம் பெறுமானத் தேய்வு. ஐந்தொகை என்ற சொல்லை நாமும் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அங்கே படிப்பவர்கள் இந்தப் பதிவில் உள்ள ஆள் கதையை வைத்துக்கொண்டு, தலைப்புகளை மட்டும் உங்கள் பாடநூல்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: "தினமும் கல்லாவில் துண்டு விழுகிறது, பையன் மேல் சந்தேகமாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். க்யூஆர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வைத்திருக்கிறார். யூபிஐயில் வந்ததையும் ரொக்க விற்பனை என்றே எழுதி வந்திருக்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டது கல்லா இல்லையே, வங்கி. எனவே வங்கிக்குப் பற்று. சில க்யூஆரில் பணம் மறுநாள்தான் வங்கிக்கு வரும். அப்படியானால் க்யூஆர் நிறுவனத்தின் பெயரிலும் ஒரு பக்கம் திறந்து, அன்றைக்கு அதில் பற்று எழுதுங்கள். மறுநாள் வங்கிக்கு வந்ததும் வங்கிக்குப் பற்று, க்யூஆர் நிறுவனத்துக்கு வரவு. பையனை விட்டுவிடுங்கள்.