கன்னத்துச் செல்லில் தொடங்குவோம்: எபிதீலியத் திசுவைப் பார்த்துப் பழகும் முறை

எபிதீலியத் திசு, அதாவது உடலின் வெளிப்புறத்தையும் உறுப்புகளின் உட்புறத்தையும் போர்த்தும் செல் படலம், என்றதும் பெரும்பாலோர் கையில் இருப்பது ஒரு பட்டியல்தான்: தட்டை, கனசதுரம், தூண், குறுயிழை (செல்லின் மேல் மயிர்போல நின்று அசையும் இழை), சுரப்பி. அதை உருப்போட்டால் தேர்வு முடிந்த வாரமே மறந்துபோகும். அதைவிட, அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். உரசல் இருந்தால் அடுக்கு கூடும். ஏதாவது கடந்துபோக வேண்டுமென்றால் செல் மெலிந்து தட்டையாகும். உறிஞ்சவோ சுரக்கவோ வேண்டுமென்றால் செல் உயரும்.

எல்லா வகைக்கும் பொதுவான விஷயங்கள் சில உண்டு. செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி இருக்கும். கீழே அவை ஊன்றி நிற்கும் மெல்லிய படலமான அடித்தளச் சவ்வு இருக்கும். உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. அடியில் உள்ள இணைப்புத் திசுவிலிருந்து உணவும் ஆக்சிஜனும் ஊடுருவி மேலே வர வேண்டும். முழங்கை லேசாகச் சிராய்த்தால் தோல் உரிந்தும் ரத்தம் வராததற்கு இதுதான் காரணம்.

தேவையானவை

பள்ளிகளில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். 4, 10, 40 என மூன்று லென்ஸ் இருக்க வேண்டும். ஸ்லைடு, கவர் ஸ்லிப், புதுக் காட்டன் பட், டிஷ்யூ பேப்பர், 1 சதவீத மெத்திலீன் ப்ளூ (100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம்). சாயமும் ஸ்லைடும் சென்னைப் பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் கிடைக்கும். கூடவே உப்புக் கரைசல்: 100 மி.லி. சுத்தமான தண்ணீரில் 0.9 கிராம் உப்பு. வெறும் கேன் தண்ணீரை ஊற்றினால் செல்லுக்குள் தண்ணீர் புகுந்து ஊதிவிடும், வடிவம் கெடும்.

எடுப்பதும் சாயம் ஏற்றுவதும்

1. வாயை இரண்டு முறை நன்றாகக் கொப்பளியுங்கள். சாப்பிட்ட கையோடு எடுத்தால் சோற்றுத் துணுக்குதான் தெரியும்.
2. காட்டன் பட்டால் கன்னத்தின் உட்புறத்தை ஏழெட்டு முறை மிதமாகத் தேயுங்கள். உங்கள் கன்னத்தில் மட்டும். ஒருவர் பட்டை இன்னொருவர் தொடக் கூடாது.
3. ஸ்லைடில் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, பட்டை அதில் மெல்ல உருட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் செல்கள் மடங்கிவிடும்.
4. மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு. ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள்.
5. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் திரவத்தில் தொடவைத்து, 45 டிகிரி சாய்வில் மெதுவாக இறக்குங்கள். ஓரத்தில் கசிவதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

பார்ப்பது

4 லென்ஸில் தொடங்கி, நீலத் திட்டுகளைக் கண்டுபிடித்து நடுவில் கொண்டுவந்த பிறகு 10, அப்புறம் 40. 40-க்குப் போனபின் பெரிய திருகைத் தொடவே தொடாதீர்கள். லென்ஸ் ஸ்லைடில் இடித்துக் கண்ணாடி உடைவது அப்போதுதான். படம் வெளுத்துத் தெரிந்தால் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். மேடைக்கு அடியில் உள்ள துளையைச் சுருக்குங்கள், செல்லின் விளிம்பு எழுந்து வரும்.

தெரிவது இப்படி இருக்கும்: ஒழுங்கற்ற பலகோணமாக, அப்பளம் போல மெலிந்த வெளிர்நீலச் செல். நடுவே கருநீலப் புள்ளியாக உட்கரு. சில செல்களின் ஓரம் மடிந்திருக்கும். மேலே மிளகுத்தூள் தூவியது போன்ற சின்னப் புள்ளிகள் வாயில் வாழும் பாக்டீரியா. தப்பாக எடுத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். அளவும் கணக்கிடலாம். கண்ணருகு லென்ஸில் 18 என்று எழுதியிருந்தால், 40 லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 18-ஐ 40-ஆல் வகுத்தால் வரும் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே ஏறக்குறைய எட்டுச் செல்கள் அடங்கினால் ஒன்றின் அகலம் 56 மைக்ரோமீட்டர்.

கரிய விளிம்புள்ள கச்சித வட்டம் தெரிந்தால் அது செல் அல்ல, காற்றுக் குமிழி. கவர் ஸ்லிப்பை வேகமாக இறக்கியிருப்பீர்கள். எல்லாமே ஒரே நீலமாக இருந்தால் சாயம் அதிகம்: ஒரு ஓரத்தில் உப்புக் கரைசல் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ வைத்து இழுங்கள். பார்த்து முடித்ததும் ஸ்லைடையும் பட்டையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்த பிறகே கழுவவோ குப்பையில் போடவோ வேண்டும்.

இங்கேதான் பலர் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். செல்கள் தனித்தனியாகத் தெரிவதால் கன்னத்தில் இருப்பது எளிய (ஒரே அடுக்கு) தட்டை எபிதீலியம் என்று எழுதிவிடுகிறார்கள். பட்டில் ஒட்டி வந்தது மேலே உதிரத் தயாராக இருந்த செல்கள் மட்டும். கன்னத்தின் உட்புறம் பல அடுக்குகள் கொண்டது, ஏனென்றால் மெல்லும் உணவு அங்கே ஓயாமல் உரசுகிறது. அடுக்கு எபிதீலியத்துக்குப் பெயர் வைப்பது மேலடுக்குச் செல்லின் வடிவத்தை வைத்து. அடியில் கனசதுரமாக இருந்தாலும் பெயர் அடுக்குத் தட்டைதான்.

மாவா, குட்கா அடக்கும் கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் அதைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் மறையவில்லை என்றால் முத்துசாமி சாலையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த எபிதீலியத்தில்தான் தொடங்குகிறது.

ஆட்டுப் போட்டியில் (இரைப்பை, குடல்) இரண்டு வகை

ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்புப் பக்கம் ஆட்டுப் போட்டி வாங்கினால் சமைக்கும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். டவல் போலச் சொரசொரப்பாக இருக்கும் இரைப்பைத் துண்டைச் சுண்ணாம்பு தடவி வெந்நீரில் போட்டுச் சுரண்டினால் கருப்பாக ஒரு படலம் உரியுமே, அதுதான் கெரட்டின் (நகத்திலும் முடியிலும் இருக்கும் கெட்டிப் புரதம்) ஏறிய அடுக்குத் தட்டை எபிதீலியம். தழையும் வைக்கோலும் உரசும் அறை அது. குடலைப் பிளந்தால் உள்ளே வெல்வெட் போல வழவழப்பாக இருக்கும். அங்கே இருப்பது ஒரே அடுக்குத் தூண் செல். அந்த வழுவழுப்பைத் தருவது கோப்பைச் செல்கள் சுரக்கும் கோழை. மனித இரைப்பையில் இந்தச் சொரசொரப்பு அறை கிடையாது. நம் இரைப்பை முழுக்கத் தூண் எபிதீலியம்தான். மனித உடலில் கெரட்டின் ஏறிய வகையைத் தோலில் பார்க்கலாம்.

மற்ற இடங்கள்

நுரையீரல் காற்றறை: ஒரே அடுக்குத் தட்டை. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் மெலிந்த இடங்களில் அரை மைக்ரோமீட்டர்கூட இருக்காது. சிறுநீரக நுண்குழல், தைராய்டு: கனசதுரம், நடுவில் உருண்டை உட்கரு. சிறுகுடலின் தூண் செல் மேல்புறத்தில் விரல்போல நீட்டிய நுண்விரலிகள் உறிஞ்சும் பரப்பைக் கூட்டுகின்றன. இந்தச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. நுண்விரலி தானாக அசையாது, குறுயிழை அசையும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூச்சுக்குழல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு செல்லின் அடியும் அடித்தளச் சவ்வில் ஊன்றியிருக்கிறது. அதனால்தான் போலி அடுக்கு என்று பெயர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி மூச்சோடு போனால் கோழையில் ஒட்டும். குறுயிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் வீசி அதைத் தொண்டைக்குத் தள்ளும். தொடர்ந்து புகைபிடிப்பவருக்குக் குறுயிழைகள் அழிந்து, சில இடங்களில் அடுக்குத் தட்டைச் செல்லே வந்துவிடும். தள்ள ஆளில்லாமல் தங்கிய கோழைதான் காலை இருமலில் வருகிறது.

சுரப்பிகளும் எபிதீலியத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்தவையே. வியர்வை, உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு நாளம் உண்டு. தைராய்டு தன் சுரப்பை நேராக ரத்தத்தில் விடுகிறது.

அடுத்து, கடையில் கிடைக்கும் தயார் ஸ்லைடு மூன்று போதும்: உணவுக்குழல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை. ஒவ்வொன்றிலும் முதலில் அடித்தளச் சவ்வைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். சிறுநீர்ப்பையில் மேல்வரிசைச் செல்கள் குடை போல உப்பி, சிலவற்றில் இரண்டு உட்கரு தெரியும். அது காலிப் பையின் தோற்றம். பை நிறைந்திருக்கும்போது எடுத்த துண்டாக இருந்தால் அதே செல்கள் தட்டையாக விரிந்து, அடுக்கும் குறைந்து தெரியும்.