ஏர்போர்ட் சீனரி நல்லதா? தரையைப் பாருங்கள்

குன்னூரில் வீட்டு சிமுலேட்டரில் பறக்கும் எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் கோவைதான். அதற்குக் கூடுதல் சீனரி (சிமுலேட்டரில் அந்த நிலையத்தை நிஜம்போலக் காட்டும் மென்பொருள்) தேடுபவர்கள் டெர்மினலின் அழகான படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

ரன்வே நுனியில் விமானத்தை நிறுத்தி, கேமராவைச் சக்கரத்துக்கு அருகே இறக்க வேண்டும். சக்கரம் தாருக்குள் புதைந்திருந்தாலோ ஒரு சாண் மேலே மிதந்தாலோ உயரக் கணக்கு சரியில்லை. ரன்வே ஓரத்துப் புல் திடீரென்று சுவர்போல் எழும்பி நிற்பதும் இதே கோளாறுதான். மலைகளுக்குத் தனி ஆட்-ஆன் (கூடுதல் மென்பொருள்) போட்டிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் எண்கள். கோவை ரன்வே 05/23; ஒரு முனைக்கு 05, மறுமுனைக்கு 23. விமான நிலைய ஆணையத்தின் வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டாக்ஸிவே (ரன்வேக்குப் போய்வரும் பாதை) பலகைகளை அதோடு ஒப்பிடலாம்.

எனக்கு மிக முக்கியமானது அந்தி நேரம். 23-இல் இறங்கும்போது வலது ஜன்னலில் நம் நீலகிரி நீலச் சுவராக நிற்க வேண்டும். இறங்கும் சரிவு சரியா என்று காட்டும், ரன்வே ஓரத்து நான்கு பாப்பி (PAPI) விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் வருகிறீர்கள். ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் இறங்கும் பாதையைக் காட்டும் கருவி) ஊசிகள் நடுவில் இருக்கும்போதே நான்கும் சிவப்பாக எரிந்தால் அந்த சீனரி வேண்டாம்.

பிரேம் ரேட்டை (திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பதை) அதே விமானம், அதே வானிலையில் சீனரி இல்லாமலும் போட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.