காலிங் பெல் பட்டனை கேட்டில் ஒட்டாதீர்கள்

வயர் இல்லாத காலிங் பெல் வாங்கினால், பட்டனை இரும்பு கேட்டில் ஒட்டாமல் பக்கத்துச் செங்கல் தூணில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து, வீட்டுக் கதவையெல்லாம் சாத்திவிட்டு நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

இந்தப் பெல்களில் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. பட்டனுக்குள் இருக்கும் ஆண்டெனா மிகச் சிறியது; முதுகிலேயே இரும்பு ஒட்டியிருந்தால் சிக்னல் பாதியிலேயே செத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ‘100 மீட்டர்’ திறந்த வெளிக் கணக்கு. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் கேட், கிரில், ஜிங்க் தகடு என்று வீட்டைச் சுற்றி இரும்புதானே! பெல் கெட்டுப்போச்சு என்று புதிது வாங்கும் முன் பட்டனை இடம் மாற்றிப் பாருங்கள், காசு மிச்சம்.

தூண் இல்லையா? கேட்டுக்கும் பட்டனுக்கும் நடுவே இரண்டு அங்குல மரக்கட்டை வையுங்கள். சாரல் படாத பக்கமாக இருக்கட்டும்.

வயர் இழுத்த பெல்லுக்கு இது பொருந்தாது. அங்கே வீட்டு மின்சார விவகாரம்; லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். வயர் இல்லாத பெல்லில், பட்டனுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால் எங்கே ஒட்டினாலும் பெல் அடிக்காது, முதலில் அதைப் பாருங்கள்.