அம்மாவுக்கு 'நெகட்டிவ்' புரிந்த கதை
சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதற்குள் அம்மாவுக்குப் பாதி மறந்துவிடும். மார்பகப் புற்றுநோய். நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். டாக்டர் மலாயில் வேகமாகப் பேச, என் கிறுக்கல் எனக்கே புரியவில்லை. அப்புறம் அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தேன். கைப்பைக்குள் இருந்ததால் வெறும் சரசரப்பு.

அடுத்த முறை மேசைமேல் வைத்தேன், தெளிவாக இருந்தது. இரவில் போட்டுக் காட்டி, "என்ன புரிஞ்சது, நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. நிணநீர்க் கணு (புற்று பரவியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் அக்குள் பக்கத்துச் சிறு முடிச்சு) 'நெகட்டிவ்' என்றதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்! கணுவில் புற்று இல்லை என்று விளக்கிய பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

இப்போது டாக்டர் முன்னாலேயே திருப்பிச் சொல்கிறார். கீமோ சமயத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனை என்பதை மட்டும் ஐஸ்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.