ஏஐ தொழிலைப் புரிந்துகொள்ள நினைக்கிறீர்களா? நானும் விழுந்த குழிகள் இவை

மண்டபம் டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான், “ஏஐன்னா சாட்ஜிபிடிதானேண்ணே?” முதல் தவறே இதுதான். ஏலத்தில் கொட்டிக் கிடக்கிற மீனை மட்டும் பார்த்துவிட்டு மீன்பிடித் தொழிலே தெரிந்துவிட்டது என்றால் பாம்பனில் சிரிப்பார்கள். படகு யாருடையது, டீசலுக்கு யார் காசு, ஐஸ் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்க வேண்டாமா?

இங்கேயும் அதையே கேளுங்கள். சாட்ஜிபிடி ஓப்பன்ஏஐ என்ற கம்பெனியுடையது. அது ஓடுகிற சிப் பெரும்பாலும் என்விடியா வடிவமைத்தது, ஆனால் என்விடியாவுக்குச் சொந்த சிப் ஆலை கிடையாது, தைவானின் டிஎஸ்எம்சிதான் செய்து கொடுக்கிறது, அதற்கு வேண்டிய, சிப்பில் நுணுக்கமான கோடுகளை ஒளியால் பதிக்கிற இயுவி எந்திரத்தை விற்பது உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான். மீன் பட்டாலும் படாவிட்டாலும் ஐஸ் கம்பெனிக்குக் காசு வந்துவிடும். சிப் விற்பவர் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்தது, முதலீட்டுச் செய்தியை அப்படியே விழுங்குவது. வியாபாரி படகுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், பிடித்த மீன் அவருக்கே போக வேண்டும். 2019இல் மைக்ரோசாஃப்ட் ஓப்பன்ஏஐக்கு 100 கோடி டாலர் போட்டபோது, ஓப்பன்ஏஐ மைக்ரோசாஃப்டின் கிளவுடிலேயே, அதாவது அவர்கள் வாடகைக்கு விடுகிற கம்ப்யூட்டர்களிலேயே ஓடும் என்றும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள். போன காசில் ஒரு பங்கு வாடகையாகத் திரும்பி வரும்! அதனால் யார் எவ்வளவு போட்டார் என்பதோடு நிறுத்தாமல், அது எந்த வழியாகத் திரும்புகிறது என்றும் பாருங்கள்.

அறிவிப்பு வேறு, கட்டி முடித்தது வேறு. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் டேட்டா சென்டர், அதாவது ஏஐ ஓடுகிற கம்ப்யூட்டர் கூடங்கள் கட்ட, ஸ்டார்கேட் திட்டம் நாலு வருடத்தில் 50,000 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், அது அன்றைக்கே செலவான காசு இல்லை. கிகாவாட் (ஆயிரம் மெகாவாட்) கணக்கில் டேட்டா சென்டர் என்று படித்தால் நம்ம கமுதி சோலார் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள்: அவ்வளவு பரப்பில் 648 மெகாவாட், அதுவும் வெயில் இருக்கும்வரை. டேட்டா சென்டர் ராத்திரியும் ஓடணும்.

கதை 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோதுதான் தொடங்கியதாக நினைப்பதும் தப்பு. 2012இலேயே, படத்தில் இருப்பது என்னவென்று கண்டுபிடிக்கிற அலெக்ஸ்நெட் என்ற ஏஐயைப் பழக்கியது கேம் விளையாடுகிற இரண்டு என்விடியா கார்டுகளில்.

அப்புறம் என் தவறு. 2025 ஜனவரி 27 அன்று குறைந்த செலவில் செய்ததாகச் சொன்ன சீன ஏஐ டீப்சீக் கிளப்பிய பரபரப்பில் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் சுமார் 60,000 கோடி டாலர் சரிந்தது. “அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு” என்று ஊரெல்லாம் சொன்னேன். ஜூலையில் அதே கம்பெனி 4 லட்சம் கோடி டாலரைத் தொட்டது, நான் டீக்கடையை மாற்றிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கணக்கைத்தான் பார்க்கிறேன். என்விடியா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் காட்டியாக வேண்டும், அதில் டேட்டா சென்டர்களுக்கு விற்ற வருமானம் தனியாகவே இருக்கும். தம்பிக்கு முதலில் அதைத்தான் போனில் எடுத்துக் காட்டினேன்.