சீனாவில் நீலப்புள்ளி ஏன் ஆற்றுக்குள் நின்றது?

குவாங்சோவில் சாலையோரம் நிற்கும் என்னை, போனிலிருந்த மேப் ஆப்பின் நீலப்புள்ளி ‘பேர்ல்’ என்ற ஆற்றுக்குள் காட்டியது. லொகேஷனை அணைத்துப் போட்டேன், காம்பஸைச் சரிசெய்தேன், சிம்மையும் மாற்றினேன். நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றியதும் விஷயம் பிடிபட்டது. அதில் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. சாலைக் கோடுகள்தான் சில நூறு மீட்டர் விலகிக் கட்டடங்கள் மேல் ஓடின! சீனாவில் வெளியாகும் வரைபடங்களுக்கு ஜிசிஜே-02 என்ற, வேண்டுமென்றே நகர்த்திய ஆயத்தொலைவு முறை கட்டாயம். ஜிபிஎஸ் தருவதோ உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ்-84. அதனால்தான் புள்ளியும் சாலையும் பொருந்தவில்லை.

ஆமேப் என்ற உள்ளூர் மேப் ஆப்பைப் போட்டதும் புள்ளி சாலைக்கு வந்துவிட்டது. ஹோட்டல் பெயரைச் சீன எழுத்திலேயே ஒட்டித் தேடினேன். நெட் இல்லாத நேரத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப். அதன் வரைபடமும் டபிள்யூஜிஎஸ்-84 என்பதால் விலகல் இல்லை. ஆனால் ஒரு ஆப்பின் ஆயத்தொலைவை எடுத்து இன்னொன்றில் ஒட்டாதீர்கள், பழையபடி ஆற்றுக்குள்தான்.